ஷாங்காய்ப் பன்றியின் குடலில் கிடைத்த மரபணு: கொலிஸ்டின் எதிர்ப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

2013 ஜூலை மாதம். சீனாவின் ஷாங்காயில் ஒரு பெரிய பன்றிப் பண்ணை. கால்நடைகளின் குடலில் சாதாரணமாகக் குடியிருக்கும் ஈ.கோலி பாக்டீரியா எந்தெந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்குகிறது, எதற்கு அடங்க மறுக்கிறது என்று பார்க்கும் வழக்கமான கண்காணிப்பு நடந்துகொண்டிருந்தது. நோய் பரவிவிட்டது என்று பதறிப்போய் எடுத்த மாதிரி இல்லை; அன்றாட வேலை. அப்படிப் பன்றி ஒன்றிடமிருந்து பிரித்தெடுத்த ஈ.கோலிக்கு எஸ்எச்பி45 என்று பெயர் வைத்தார்கள். அது கொலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக்குக்கு அடங்கவில்லை.

விஷயம் இதோடு நின்றிருந்தால் ஒரு வரிக் குறிப்பாகப் போயிருக்கும். கொலிஸ்டினுக்கு அடங்காத பாக்டீரியாவை அதற்கு முன்பும் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எஸ்எச்பி45ஐயும் கொலிஸ்டினுக்குச் சாகக்கூடிய இன்னொரு ஈ.கோலியையும் ஒன்றாக வளரவிட்டபோது, இரண்டாவதும் சாக மறுத்தது. எதிர்ப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறியிருந்தது. கொலிஸ்டின் விஷயத்தில் இப்படி நடக்கும் என்று அதுவரை யாரும் காட்டியதில்லை.

குவாங்சோவில் உள்ள தென்சீன வேளாண் பல்கலைக்கழகமும் பெய்ஜிங்கின் சீன வேளாண் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோத்தி வால்ஷும் சேர்ந்து செய்த ஆய்வு 2015 நவம்பரில் வெளியானது. இந்த எதிர்ப்பைத் தந்த மரபணுவுக்கு எம்சிஆர்-1 என்று பெயர். விலங்கு, இறைச்சி, மனிதர் மூன்றும் ஒரே பாக்டீரியாச் சந்தையில் கொடுக்கல் வாங்கல் செய்கின்றன என்று கருத்தரங்குகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியத்துக்கு இந்த நிகழ்வில்தான் கைக்கடக்கமான எண்கள் கிடைத்தன. மருந்தைக் கொடுத்தபோது என்ன ஆனது, நிறுத்தியபோது என்ன ஆனது என்று இரண்டு பக்கமும் பதிவாகியிருக்கிற நிகழ்வுகள் குறைவு. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

பரணில் போட்ட மருந்து

கொலிஸ்டின் 1940களின் இறுதியில் ஜப்பானில் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. ஈ.கோலி, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களை நன்றாகக் கொல்லும். ஆனால் ஊசியாகப் போட்டால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், நரம்பையும் விட்டுவைக்காது. 1970களில் இதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் மருத்துவர்கள் இதைப் பரணில் போட்டுவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, கார்பபெனம் என்னும் வலுவான மருந்து வகைக்கும் அடங்காத கிளெப்சியெல்லாவும் அசினெட்டோபாக்டரும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பரவியபோது வேறு வழியில்லாமல் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினார்கள். சிறுநீரகம் கெட்டால் கெடட்டும், உயிர் மிஞ்சட்டும் என்ற கணக்கு.

மனிதர்கள் மறந்திருந்த அந்த முப்பது ஆண்டுகளில் கால்நடைப் பண்ணைகள் இதை மறக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய பண்ணைகளில் பன்றிக்குட்டிகளை மூன்று, நான்கு வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். அதுவரை தாய்ப்பால் கொடுத்துவந்த பாதுகாப்பு ஒரே நாளில் நின்றுபோகும்; புது இடம், புதுத் தீவனம், பக்கத்தில் முன்பின் பார்க்காத குட்டிகள். அந்த வாரத்தில் ஈ.கோலி தலைதூக்கிக் கழிச்சல் தொடங்கும். குட்டிகள் இளைக்கும், சில சாகும். தீவனத்தில் கொஞ்சம் கொலிஸ்டின் கலந்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும், எடையும் ஏறும். விலையோ மலிவு. நோய் வந்த குட்டிக்கு மருந்து என்று ஆரம்பித்தது, நோய் வராமலிருக்க எல்லாக் குட்டிக்கும் என்று ஆகி, கடைசியில் வளர்ச்சிக்காகத் தினமும் என்று வந்து நின்றது.

இன்னொரு வசதியும் இருந்தது. எனக்கு இந்த நிகழ்வில் மிக முக்கியமாகத் தெரிவது அதுதான். வாய்வழியாகக் கொடுத்த கொலிஸ்டினை உடல் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. குடலுக்குள் போகும், குடலிலேயே இருக்கும், சாணத்தோடு வெளியேறும். ரத்தத்துக்கு வராததால் தசையிலும் சேராது. இறைச்சியைச் சோதித்துப் பார்த்தால் மருந்து மிச்சம் பெரிதாக இருக்காது. உணவுப் பாதுகாப்புச் சட்டங்கள் கேட்பதெல்லாம் 'இறைச்சியில் மருந்து எவ்வளவு மிச்சம்?' என்பதைத்தான். அந்தக் கேள்விக்குக் கொலிஸ்டின் எப்போதும் நல்ல பிள்ளை. ஆனால் குடலில் தங்குவது என்றால் என்ன அர்த்தம்? உடம்பில் பாக்டீரியாக்கள் அதிகம் குவிந்திருக்கும் இடத்தில், அவற்றைக் கொன்று தீர்க்காத அளவில், நாள்கணக்கில் மருந்து நிற்கிறது என்று அர்த்தம். எதிர்ப்பை வளர்க்க இதைவிடத் தோதான ஏற்பாட்டை வேண்டுமென்றே திட்டமிட்டால்கூட அமைக்க முடியாது. மருந்து மிச்சத்தைத் தேடிய கண்களுக்கு மரபணு மிச்சம் தெரியவில்லை.

ஏன் அவ்வளவு நாள் தெரியாமல் போனது

பின்னால் பழைய சேமிப்புகளைக் கிளறியபோது 1980களில் சீனக் கோழிகளிடமிருந்து எடுத்து உறைய வைத்திருந்த ஈ.கோலியிலேயே எம்சிஆர்-1 இருந்தது தெரியவந்தது. 1970 முதல் 2014 வரையிலான 1,611 ஈ.கோலி மாதிரிகளைப் பரிசோதித்தார்கள். அவற்றில் 104இல் மரபணு இருந்தது. ஆக மிகப் பழையவை 1980களைச் சேர்ந்த மூன்று. அங்கங்கே ஒன்றிரண்டாக ஒளிந்திருந்தது 2009க்குப் பிறகு கூட்டமாக வெளிவந்தது. ஆக, மரபணு முப்பது ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கிறது. கண்ணில் படவில்லை.

இதற்கு ஒரு பாதிக் காரணம் சோதனை முறை. மற்ற ஆன்டிபயாடிக்குகளைச் சோதிக்க ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்வது சுலபமான வேலை: பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் பாக்டீரியாவைப் பூசி, மருந்து ஊறிய சின்னக் காகித வில்லையை மேலே வைத்து, மறுநாள் அதைச் சுற்றி எவ்வளவு தூரம் வெறுமையாக இருக்கிறது என்று அளவுகோலால் அளப்பது. கொலிஸ்டினுக்கு இது உதவாது. அதன் மூலக்கூறு பெரியது, அகாருக்குள் சரியாகப் பரவாது. அடங்கும் பாக்டீரியாவுக்கும் அடங்காத பாக்டீரியாவுக்கும் வெறுமை வட்டம் ஏறக்குறைய ஒன்றுபோலவே வரும். ஓரிரு மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது.

நம்பகமான வழி, திரவத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து பார்ப்பது. 96 குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒரு வரிசையில் மருந்தின் அளவு குழிக்குக் குழி இரட்டிப்பாகும்: லிட்டருக்குக் கால் மில்லிகிராம், அரை, 1, 2, 4, 8 என்று. ஒவ்வொன்றிலும் ஒரே அளவு பாக்டீரியா. இரவு முழுக்க 35 டிகிரியில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். பாக்டீரியா வளர்ந்த குழியில் திரவம் கலங்கியிருக்கும், அல்லது அடியில் வெள்ளையாகப் பொத்தான் மாதிரி படிந்திருக்கும். வளராத குழி தண்ணீராகத் தெளிந்திருக்கும். சாதாரண ஈ.கோலி என்றால் அரை மில்லிகிராம் குழியிலிருந்தே தெளிவு. எம்சிஆர்-1 உள்ளதென்றால் 2ஐத் தாண்டியும் கலங்கல் தொடரும். 4இலோ 8இலோதான் நிற்கும். ஈ.கோலிக்கு எல்லைக்கோடு 2. அதாவது பெரும்பாலான எம்சிஆர்-1 பாக்டீரியாக்கள் எல்லையை ஒன்றிரண்டு குழிதான் தாண்டுகின்றன. பார்ப்பவர் கொஞ்சம் அசந்தாலும் கோட்டை விட்டுவிடலாம்.

இதிலும் ஒரு வம்பு உண்டு. கொலிஸ்டின் பிளாஸ்டிக் குழியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நாம் ஊற்றிய அளவும் பாக்டீரியாவுக்குக் கிடைத்த அளவும் ஒன்றாக இருக்காது. 2016இல்தான் அமெரிக்க, ஐரோப்பிய தர அமைப்புகள் கூட்டாக உட்கார்ந்து, காகித வில்லை முறையை விடுங்கள், திரவ முறை ஒன்றையே நம்புங்கள் என்று சொன்னன. உலகெங்கும் தினமும் பண்ணைகளில் டன்கணக்கில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மருந்துக்கு, அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் முறையையே அவ்வளவு தாமதமாகத்தான் ஒழுங்குபடுத்தினோம் என்பது கொஞ்சம் வெட்கமான விஷயம்தான்.

மறு பாதிக் காரணம் நம்பிக்கை. அதுவரை தெரிந்திருந்த கொலிஸ்டின் எதிர்ப்பெல்லாம் பாக்டீரியாவின் சொந்தக் குரோமோசோமில் ஏற்படும் மாற்றங்களால் வந்தவை. அந்த மாற்றம் அதன் சந்ததிக்குப் போகும்; பக்கத்தில் இருப்பவனுக்குப் போகாது. மருந்தை நிறுத்தினால் அந்தக் குடும்பமும் பெரும்பாலும் நொடித்துப்போகும். ஆகவே பண்ணையில் என்ன நடந்தாலும் அது பண்ணையோடு போயிற்று என்று துறையே நம்பிக்கொண்டிருந்தது.

மரபணு என்ன செய்கிறது

கொலிஸ்டின் நேர்மின்னூட்டம் கொண்ட மூலக்கூறு. ஈ.கோலி வகையைச் சேர்ந்த பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் லிப்பிட்-ஏ என்று ஒரு கொழுப்புப் பகுதி உண்டு. அதில் எதிர்மின்னூட்டம் கொண்ட பாஸ்பேட்டுகள் இருக்கும். கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பாஸ்பேட்டுகளை இறுகப் பிடித்துச் சவ்வைக் கட்டி வைத்திருக்கும். கொலிஸ்டின் வந்து அவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் ஒட்டிக்கொள்ளும். பிறகு சவ்வு பிய்ந்து பாக்டீரியா சாகும். எம்சிஆர்-1 உருவாக்கும் நொதி அந்தப் பாஸ்பேட்டின் மேல் பாஸ்போஎத்தனாலமைன் என்ற ஒரு சிறு மூலக்கூறை ஒட்டவைக்கிறது. எதிர்மின்னூட்டம் குறைந்துவிடுகிறது. கொலிஸ்டினுக்குப் பிடிப்பதற்கு இடம் இல்லை. அவ்வளவுதான். பெரிய சூழ்ச்சி எதுவும் கிடையாது. பூட்டின் துவாரத்தில் மெழுகு வைத்து அடைப்பது மாதிரி.

ஆபத்து நொதியில் இல்லை, அந்த மரபணு உட்கார்ந்திருக்கும் வண்டியில் இருக்கிறது. எம்சிஆர்-1 குரோமோசோமில் இல்லாமல் பிளாஸ்மிட் என்னும் தனி டிஎன்ஏ வளையத்தில் இருந்தது. பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தன்னைப் பிரதி எடுத்துக் கொடுக்கவல்லது. ஆய்வகத்தில் அளந்தபோது, ஏற்கும் பாக்டீரியாக்களில் பத்துக்கு ஒன்று முதல் ஆயிரத்துக்கு ஒன்று வரை அதை வாங்கிக்கொண்டன. இது அசாத்தியமான வேகம். கிளெப்சியெல்லாவிலும் சூடோமோனாஸிலும் ஏற்றிப் பார்த்தார்கள். அவற்றிலும் அது தங்கியது. மருந்தே இல்லாமல் வளர்த்தபோதும் அதைக் கழற்றிப் போடவில்லை. சுண்டெலித் தொடையில் தொற்று உண்டாக்கிக் கொலிஸ்டின் கொடுத்தபோது, எம்சிஆர்-1 இருந்த பாக்டீரியாவிடம் மருந்து தோற்றது.

இந்த மரபணுவைப் பிளாஸ்மிட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததாகக் கருதப்படும், இடம் விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துணுக்கு ஒன்று உண்டு. அந்தத் துணுக்கை முதலில் அடையாளம் கண்டது பன்றிகளுக்கு நிமோனியா உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவில். மரபணு எந்தத் தொழுவம் வழியாக வந்திருக்கும் என்பதற்கு இது ஒரு முகவரிச் சீட்டு மாதிரி.

குடலிலிருந்து தட்டுக்கு

2015 கட்டுரையின் முக்கியமான மூன்று எண்கள் இவை. 2011 முதல் 2014 வரை சோதித்த 804 விலங்கு மாதிரிகளில் 166இல், அதாவது 21%இல், எம்சிஆர்-1. கடைகளில் வாங்கிய 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78இல், அதாவது 15%இல். தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடமிருந்து எடுத்த 1,322 மாதிரிகளில் 16இல், அதாவது சுமார் 1%இல்.

விலங்கு, இறைச்சி, மனிதர் என்று இறங்கிக்கொண்டே வரும் இந்தப் படிக்கட்டைப் பார்த்ததும் மரபணு போகும் திசை புரிந்துவிட்டது என்று தோன்றும். கவனம் வேண்டும். இவை ஒரே கூட்டத்திலிருந்து எடுத்தவை அல்ல. ஆரோக்கியமான பன்றியின் குடலையும் நோயாளியின் தொற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மனிதரிடமிருந்து விலங்குக்குப் போயிருக்கலாமே என்று கேட்பவருக்கு இந்த மூன்று எண்கள் மட்டும் பதில் ஆகாது.

பதில் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் சீன மருத்துவமனைகளில் கொலிஸ்டின் புழக்கத்தில் இல்லை. மனிதர்களுக்கு அது 2017இல்தான் வந்தது. மருந்தையே பார்க்காத நோயாளிகளின் உடலில் அந்த மருந்துக்கு எதிர்ப்பு எப்படி வந்தது? மருந்து கொட்டிக்கொண்டிருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். துப்பறியும் கதையில் ஒரே ஒருவரிடம் மட்டும் சாவி இருப்பது மாதிரி. இந்தத் தெளிவு வேறு பல நாடுகளில் கிடைத்திருக்காது. அங்கெல்லாம் மருத்துவமனையும் பண்ணையும் ஒரே மருந்தைச் சேர்ந்தே பயன்படுத்திக்கொண்டிருந்தன.

வழி எது என்பதிலும் மர்மம் எதுவும் இல்லை. அறுக்கும்போது குடல் கிழிந்தால் அதில் இருப்பது உடல்மேல் படும். கோழி என்றால் இறகு பிடுங்கும் இயந்திரமும் குளிரவைக்கும் தண்ணீர்த் தொட்டியும் ஒரு கோழியின் பாக்டீரியாவை நூறு கோழிக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும். நன்றாக வெந்த இறைச்சியில் ஈ.கோலி உயிரோடு இருக்காது. ஆனால் இறைச்சி நறுக்கிய பலகையில் அடுத்து பச்சைக் காய் நறுக்கினால், கை கழுவாமல் எதையாவது எடுத்து வாயில் போட்டால், வேகவைத்ததால் வந்த பயன் போச்சு. சாணம் வயலுக்கு உரமாகப் போகும், தண்ணீரில் கலக்கும். சீனக் கோழி உற்பத்தியைக் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து கடை வரை பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வில், பண்ணையைச் சுற்றியிருந்த நாய்கள், ஈக்கள், காட்டுப் பறவைகளில் கார்பபெனத்தை முறிக்கும் என்டிஎம் மரபணு கிடைத்தது. கோழிக்குக் கார்பபெனம் யாரும் கொடுப்பதில்லை. அது இருந்ததே போதும், கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதை இல்லை என்று சொல்ல.

இப்படி வந்து சேரும் ஈ.கோலி உடனே நோய் உண்டாக்க வேண்டும் என்று இல்லை. குடலில் சும்மா இருக்கும். பக்கத்தில் இருக்கும் வேறு பாக்டீரியாவுக்குப் பிளாஸ்மிட்டைக் கொடுத்துவிட்டுத் தான் காணாமல்கூடப் போகும். சீனாவில் மனித மலத்திலிருந்து பிரித்த எம்சிஆர்-1 ஈ.கோலிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல, பலவகைப்பட்டவை. உணவால் பரவும் நோய் என்றதும் நாம் ஒரே கிருமி, ஒரே விருந்து, நூறு பேருக்கு வாந்தி என்று கற்பனை செய்து பழகியிருக்கிறோம். இங்கே பரவியது கிருமி இல்லை, அதன் சட்டைப்பையில் இருந்த சீட்டு.

உலகம் தேடிப் பார்த்தது

கட்டுரை வந்த சில வாரங்களில் டென்மார்க்கில் தங்கள் கணினியில் ஏற்கெனவே சேமித்து வைத்திருந்த பாக்டீரியா மரபணுத் தொடர்களைத் தேடினார்கள். சுமார் 3,000 தொடர்களில் ஒரு மனித ரத்தத் தொற்றிலும், 2012 முதல் 2014 வரை இறக்குமதி செய்த கோழி இறைச்சியில் ஐந்திலும் எம்சிஆர்-1 இருந்தது. புதிதாக ஒரு மாதிரி எடுக்கவில்லை, ஒரு தட்டு வளர்க்கவில்லை. அதன்பின் நாட்டுக்கு நாடு இதே கதை. தேடியவர்களுக்கெல்லாம் கிடைத்தது.

2016 மேயில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பெண்ணின் சிறுநீரகப் பாதைத் தொற்றில் கிடைத்தபோது, எந்த மருந்துக்கும் அடங்காத பூதம் வந்துவிட்டது என்று செய்திகள் ஓடின. அப்படி ஒன்றும் இல்லை. அந்தப் பாக்டீரியா கார்பபெனம் உட்பட வேறு மருந்துகளுக்கு அடங்கக்கூடியதாகவே இருந்தது. பயம் வேறு இடத்தில் இருந்திருக்க வேண்டும்: கார்பபெனத்தை ஏற்கெனவே வென்றுவிட்ட ஒரு கிளெப்சியெல்லா இந்தச் சீட்டையும் வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதில்.

தடை

சீன வேளாண் அமைச்சகம் 2016 ஜூலையில் முடிவெடுத்தது: வளர்ச்சி ஊக்கியாகக் கொலிஸ்டினைத் தீவனத்தில் கலக்கக் கூடாது. 2017 ஏப்ரல் 30 கடைசி நாள். கண்டுபிடிப்பு வெளிவந்து முடிவெடுக்க எட்டே மாதம். பிரிட்டனில் 1969லேயே ஸ்வான் குழு கால்நடை வளர்ச்சிக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதைக் கட்டுப்படுத்தச் சொன்னதையும், ஐரோப்பிய ஒன்றியம் முழுத் தடைக்கு 2006 வரை எடுத்துக்கொண்டதையும் நினைத்துப் பார்த்தால் இந்த வேகம் புரியும். உலகிலேயே அதிகமாகக் கொலிஸ்டின் தயாரிப்பதும் கால்நடைக்குக் கொடுப்பதும் சீனாவாக இருந்த நிலையில் இது சின்ன முடிவும் இல்லை. நோய் வந்த விலங்குக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பதைத் தடுக்கவில்லை. தீவன மூட்டையிலிருந்துதான் வெளியேற்றினார்கள். மனிதருக்கு மருத்துவமனைக் கதவு திறந்த அதே ஆண்டில் பன்றிக்குத் தீவனக் கதவு மூடப்பட்டது.

பிரேசில் 2016 இறுதியில் வளர்ச்சி ஊக்கியாகக் கொலிஸ்டினைத் தடுத்தது. இந்தியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகள், கோழி, மீன் வளர்ப்பு, தீவனம் எல்லாவற்றுக்கும் கொலிஸ்டினைத் தயாரிப்பது, விற்பது, வழங்குவது மூன்றையும் மருந்து, அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ்த் தடை செய்தது.

தடைக்குப் பிறகு

2020இல் சீனாவின் 'முன்', 'பின்' கணக்கு வெளியானது. கொலிஸ்டின் தீவனக் கலவை உற்பத்தி 2015இல் 27,170 டன். 2018இல் 2,497 டன். விற்பனை 7.15 கோடி டாலரிலிருந்து 80 லட்சம் டாலருக்கு இறங்கியது. காகிதத்தில் போட்ட தடை என்று சொல்ல முடியாது. மருந்து உண்மையிலேயே தீவனத்தைவிட்டுப் போயிருக்கிறது.

பன்றிகளின் ஈ.கோலியில் கொலிஸ்டின் எதிர்ப்பு 2015–16இல் 34%. 2017–18இல் 5.1%. கோழிகளில் 18.1%இலிருந்து 5%. மனிதரில், மலத்தில் எம்சிஆர்-1 ஈ.கோலியைச் சுமந்தவர்கள் 2016இல் 14.3%, 2019இல் 6.3%. நோய்த்தொற்றிலிருந்து எடுத்த ஈ.கோலியில் கொலிஸ்டின் எதிர்ப்பு 1.7%இலிருந்து 1.3%.

இந்த வரிசையை மேலிருந்து கீழே மறுபடி படித்துப் பாருங்கள். மருந்து நின்ற இடத்துக்குப் பக்கத்தில் சரிவு செங்குத்து. தள்ளிப் போகப் போகச் சரிவு படுக்கிறது. பன்றியில் ஏழில் ஒரு பங்கு ஆகிவிட்டது. மனிதக் குடலில் பாதிக்குக் கீழே. நோயாளியின் தொற்றில் கொஞ்சமே கொஞ்சம். பன்றிக்கு மருந்தை நிறுத்தினால் மருத்துவமனை நாளைக்கே சரியாகும் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கடைசி எண் ஏமாற்றம் தரலாம். எனக்கு அதுதான் கணக்கை நம்பவைக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் குழாயை மூடியதும் குழாய்க்குக் கீழே உடனே காயும், தரையில் தேங்கியது மெதுவாகத்தான் வற்றும். போதாததற்கு, அதே ஆண்டுகளில் மருத்துவமனைகளில் கொலிஸ்டின் வகை மருந்துகள் புதிதாகப் புழங்கத் தொடங்கிவிட்டன.

மரபணு ஏன் இறங்கியது என்பதற்கும் விளக்கம் உண்டு. எம்சிஆர்-1 அதிகமாக வேலை செய்தால் பாக்டீரியாவின் சொந்தச் சவ்வையே அது கெடுக்கிறது. மருந்து இருக்கும்வரை அந்தச் சுமை லாபம். மருந்து போனால் வெறும் சுமை. ஆனால் குறைவான அளவில் வேலை செய்தால் சுமையும் குறைவு. அப்படிப்பட்டவை மருந்து இல்லாமலும் காலம் தள்ளும். ஆகவே இறங்கும், ஆனால் பூஜ்யத்துக்குப் போகாது.

இந்த ஆய்வில் எனக்கு உறுத்தும் விஷயங்களும் உண்டு. நாடு முழுக்க ஒரே நாளில் தடை வந்ததால் தடை இல்லாத சீனா என்று ஒப்பிட எதுவும் இல்லை. 2018 ஆகஸ்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் சீனாவுக்குள் நுழைந்து, 2019 முடிவதற்குள் நாட்டின் பன்றிகளில் சுமார் 40% இல்லாமல் போயின. அந்த ஆண்டின் மனித எண்களில் தடைக்கு எவ்வளவு பங்கு, காய்ச்சல் மாற்றிப்போட்ட பன்றித் தொழிலுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. விலங்குகளின் சரிவு பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்துவிட்டது என்பதால் முதல் பாதியை நம்புகிறேன். மனித எண்ணைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கிறேன்.

டென்மார்க் பன்றிகள் சொன்னது

ஒரு மருந்தை நிறுத்தினால் அதற்கான எதிர்ப்பு இறங்கும் என்பது எப்போதும் நடக்கிற காரியமா? இல்லை. டென்மார்க் 1995இல் அவோபார்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தடுத்தது. அது மனிதருக்குக் கொடுக்கும் வான்கோமைசினுக்கு உறவு. ஒன்றை எதிர்க்கும் என்டெரோகாக்கஸ் பாக்டீரியா மற்றொன்றையும் எதிர்க்கும். கறிக்கோழிகளில் எதிர்ப்பு 1995இல் 72.7%, 2000இல் 5.8%. எதிர்பார்த்தபடியே. பன்றிகளிலோ அவோபார்சின் போய் மூன்று ஆண்டாகியும் எதிர்ப்பு சுமார் 20%இலேயே அசையாமல் நின்றது.

பன்றிகளுக்கு டைலோசின் என்று வேறொரு மருந்து தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. டைலோசினை எதிர்க்கும் மரபணுவும் வான்கோமைசினை எதிர்க்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. டைலோசின் கொடுத்த ஒவ்வொரு வேளையும் வான்கோமைசின் எதிர்ப்புக்கும் சோறு போட்டது. 1998இல் டைலோசின் குறைந்த பிறகுதான் பன்றிகளிலும் இறங்கியது, 2000இல் 6%.

எம்சிஆர்-1 விஷயத்தில் சீனாவுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது என்று இதை வைத்துச் சொல்லலாம். அதைச் சுமக்கும் முக்கியமான பிளாஸ்மிட் வகைகளில் ஒன்றில் பெரும்பாலும் எம்சிஆர்-1 தனியாகவே பயணம் செய்கிறது. கூட வேறு மரபணு இல்லை. அதனால் வேறு மருந்து கொடுத்தாலும் அதற்குச் சோறு கிடைக்காது. வேறு சில பிளாஸ்மிட்டுகளில் நிலைமை அப்படி இல்லை; பல மருந்துகளுக்கான எதிர்ப்பும் கூட்டமாக இருக்கிறது. அப்படிப்பட்டவை கொலிஸ்டின் போன பிறகும் பிற மருந்துகளின் தயவில் தங்கிவிட வாய்ப்பு உண்டு. மருந்துக்கு மருந்து தனித்தனியாகத் தடை போடும் அணுகுமுறையின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. சீனாவும் அதை உணர்ந்திருக்க வேண்டும். 2020 ஜூலை 1 முதல் மூலிகைகள் நீங்கலாக வளர்ச்சி ஊக்கி மருந்து எதுவும் கலந்த தீவனத்தைத் தயாரிக்கக் கூடாது என்று முழுசாகவே நிறுத்திவிட்டது.

அதற்கு ஓராண்டு முன்பு, 2019 மேயில், சீனப் பன்றிகளிலும் கோழிகளிலும் டெட்எக்ஸ்3, டெட்எக்ஸ்4 என்று இரண்டு மரபணுக்களைக் கண்டறிந்தார்கள். இவையும் பிளாஸ்மிட்டில்தான் இருந்தன. இவை முறிப்பது டைஜிசைக்ளினை. கொலிஸ்டின் மாதிரியே கடைசி நேரத்துக்காகப் பத்திரப்படுத்தியிருக்கும் மருந்து. பண்ணைகளில் அதை யாரும் கொடுத்ததில்லை. அதன் தாத்தா முறையான டெட்ராசைக்ளினைத்தான் பல்லாண்டுகளாகத் தீவனத்தில் கொட்டியிருந்தார்கள்.